சானிட்டரி பாய் கட்டிய வேப்பிலை

வேலு வைத்தியரின் கடைப் பலகையில் சானிட்டரி பாய் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலது கை வைத்தியரின் மடியில் கிடக்கிறது. வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்க்கிறார். பாய் கண்ணை நன்றாகத் திறந்து வைத்தியரைப் பார்க்கிறார். யார் யாரைப் பரிசோதிக்கிறார்கள் என்பது புதிதாகப் பார்ப்பவனுக்குச் சட்டென்று பிடிபடாது.

“பித்தம் ஏறிக் கெடக்கு பாய். ராத்திரி தூக்கம் வருதா?”

“எங்க வருது? மரவள்ளிக்கிழங்கைத் தின்னுட்டுப் படுத்தா வயித்துக்குள்ள யாரோ பலகை இழைக்கிற மாதிரி இருக்கு லா.”

“கஷாயம் தர்றேன். வெறும் வயித்துல குடிங்க, கேக்கும்.”

“குடிக்கிறேன். மொதல்ல நீங்க ஒரு மடக்கு குடிங்க, பாப்போம்.”

வைத்தியர் முணுமுணுத்துக்கொண்டே தன் கஷாயத்தைத் தானே குடிக்கிறார். கசப்பில் அவர் முகம் கோணுகிறது. பாய் குனிந்து அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார், பிறகு மிச்சத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “நல்ல கசப்பு. சீட்டு இன்னும் கொஞ்ச நாளைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்கிறார்.

சுப்ஹான் மரைக்காயர் என்பது அவருடைய முழுப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் மலாயா ஊரான தங்காக்கில் வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரர் காலத்தில் சாப்பாட்டுக் கடைகளில் நுழைந்து பாலில் தண்ணீர் கலக்கிறார்களா, கோப்பையைக் கழுவுகிறார்களா என்று பார்க்கிற உத்தியோகம். அதனால் சானிட்டரி பாய். ஜப்பான்காரர் வந்த பிறகு பாலும் போயிற்று, பாதிக் கடைகளும் போயின. பெயர் மட்டும் அவரை விடவில்லை. இப்போது சுகாதார ஆபீஸில் அவருக்கு வைத்தியர்களைக் கண்காணிக்கிற வேலை. “முந்தி பாலைப் பாத்தேன், இப்ப கஷாயத்தைப் பாக்குறேன். ரெண்டுலயும் தண்ணிதான் ஜாஸ்தி,” என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஆபீஸின் பெரிய டாக்டர் ஒரு ஜப்பானியர். சிரிக்கமாட்டார், கத்தவும் மாட்டார். அவர் போட்ட உத்தரவு இது: நாட்டு வைத்தியரோ, சீனச் சின்சேயோ, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் போமோவோ, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரோ, மருந்து கொடுக்கிற யாரானாலும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். வாந்திபேதி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கே ஆபீஸுக்குத் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் சீட்டு பறிபோகும். உத்தரவு போட்டவர் நாற்காலியில் இருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைகிறவர் பாய். டயருக்குப் பதிலாக ரப்பர் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கட்டிய ஒரு சைக்கிளில், முதுகெலும்பு கடகடவென்று ஆடத் தோட்டந்தோட்டமாகப் போய்வருகிறார்.

நான் ஜவுளிக்கடைக்காரன். இந்த ஊரில் அதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு காலத்தில் பெருமை இருந்தது. இப்போது என் கடையில் அலமாரி இருக்கிறது, துணி இல்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பதுதான் என் வியாபாரம். அந்த வேடிக்கையில் எனக்கு அலுக்காத ஆள் சானிட்டரி பாய்தான். உத்தியோகஸ்தர்கள் அதட்டுவதைப் பார்த்திருக்கிறேன், கை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தன்னையே நோயாளியாக ஒப்புக்கொடுத்து மேற்பார்வை செய்கிற உத்தியோகஸ்தரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இந்த மனுஷர் என்னதான் செய்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே பல நாள் கடையைப் பூட்டிக்கொண்டு அவர் பின்னால் போயிருக்கிறேன்.

கேட்டால் அவர் கொடுக்கிற விளக்கம் சின்னது. “சட்டையைப் போட்டுக்கிட்டு கேள்வி கேட்டா பொய் வரும். சட்டையைக் கழட்டிட்டு உக்காந்தா வைத்தியம் வரும்.” அதை எழுத்துக்கு எழுத்து நடத்திக்காட்டுவார். கடைத்தெருச் சின்சேயிடம் போய் முழங்கால் வலி என்று உட்கார்ந்தார். சின்சே காதில் ஊசிகளைக் குத்தினார். எடுக்கும்போது ஒன்றை மறந்துவிட்டார் போலிருக்கிறது. பாய் அந்த ஒற்றை ஊசியோடு மார்க்கெட் முழுக்கச் சுற்றிவிட்டு என் கடைக்கு வந்து, “என்ன எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கிறாங்க?” என்று கேட்டார். நான் கண்ணாடியைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தால், திரும்பப் போய் ஊசியைக் கொடுத்துவிட்டு, சின்சே ஊசியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறார் என்பதையும் பார்த்துவிட்டு வந்தார். கழுவவே இல்லையாம். அன்றிலிருந்து சின்சே கடை அடுப்பில் ஊசி வேக ஒரு தனிப் பானை ஏறியது.

மாதாமாதம் இவர்கள் எல்லோரையும் மார்க்கெட் கூரையின்கீழ் கூட்டுவார். ஒருவர் மருந்தை மற்றவர் நம்பாதவர்கள், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வேறு யாராவது இருந்தால் உத்தரவை வாசித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பாய் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “உங்க மருந்துக்குக் கேக்காத ஆளு இந்த மாசம் யாரு?” முதல் கூட்டத்தில் எல்லோர் வாயும் பூட்டிக்கிடந்தது. மூன்றாவது கூட்டத்தில் கம்பத்துப் போமோ மெல்ல ஒரு பையனுடைய காய்ச்சலைப் பற்றிச் சொன்னார், டிரெஸர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். தோற்றதைச் சொல்ல ஓர் இடம் கிடைத்ததில் அவர்களுக்கும் ஓர் ஆறுதல் இருந்திருக்கவேண்டும்.

நோயாளிகளிடம் அவர் கேட்கிற கேள்வி வேறு. என்ன நோய் என்று கேட்கவேமாட்டார். “வைத்தியர் சொன்னதுல எது வெளங்கலை?” என்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து இலையில் சுற்றிய ஒரு சவுக்காரத் துண்டை எடுத்து, அந்த வீட்டுத் தண்ணீரிலேயே கையைக் கழுவுவார். நிதானமாக, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுவார். பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் தாங்களும் கையை நீட்டும். சவுக்காரம் தேய்ந்து ஊசியாகப் போனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை என்று சொன்னதில்லை.

போன மழைக்குப் பிறகு ஆற்றோரத்து லயங்களில், தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசைகளில், வாந்திபேதி வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை போட்டு, நோய் கண்டவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொட்டகையில் பிழைத்தவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் திரும்பி வந்ததைவிட லாரி போனதுதான் ஜனங்களுக்கு ஞாபகம் இருந்தது. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்ததும் லாரியில்தானே. அதனால் மறைத்தார்கள். பேதியில் கிடந்தவளைப் போர்வைக்குள் சுருட்டிவைத்து, “ஊருக்குப் போயிருக்கா,” என்றார்கள். இந்தக் காலத்தில் எந்த ஊருக்குப் போவது? வைத்தியர்களும் மறைத்தார்கள். தெரிவித்தால் நோயாளி போய்விடுவான், தெரிவிக்காவிட்டால் சீட்டு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாய் பெரிய டாக்டரிடம் போய் நின்றார். கூடவே மொழிபெயர்க்கப் போன ஆபீஸ் கிராணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்க்க விடவேண்டும், கூட இருந்து பார்க்க ஓர் ஆள், வைத்தியம் செய்ய ஒரு வைத்தியர், வேறு யாரும் உள்ளே போகாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். பெரிய டாக்டர் நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். நோய் உள்ள வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டவேண்டும், வைத்தியம் தவறாமல் நடக்கவேண்டும். ஒரு வீட்டில் அது தவறி உயிர் போனாலும் அத்தனை பேரும் கொட்டகைக்குத்தான். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்படித்தான் என் கடைக் கடைசிச் சிவப்புப் பீஸ் துணி பாயின் சைக்கிளில் ஏறிப் போயிற்று. அவரே கிழித்து அவரே வாசல்வாசலாகக் கட்டினார். கட்டிய துணி ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. ஒரு நாள் என் கடைக்கு எதிரே ஒரு குழந்தை பளபளவென்று சிவப்புக் கோவணம் கட்டிக்கொண்டு ஓடியது. கிழங்கு விற்கிற அம்மாளின் ரவிக்கையில் முழங்கைக்குமேல் ஒரு சிவப்பு ஒட்டு. என் துணியை எனக்குத் தெரியாதா? சாக்கை உடுத்திக்கொண்டிருக்கிற ஜனங்களிடம் நல்ல துணியை வாசலில் தொங்கவிட்டால் அது வாசலில் இருக்குமா? பாய் முதலில் விழுந்துவிழுந்து சிரித்தார். பிறகு அந்தத் துணி எந்த வாசலிலிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். சிரிப்பு நின்றது. “அலமாக், நோயை நானே கிழிச்சு ஊருக்குப் பங்கு வெச்சுட்டேனே,” என்று தலையில் கைவைத்துக்கொண்டு என் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து, “வேப்பிலை!” என்றார்.

அவர் சொன்ன கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. லயத்தில் ஒரு வீட்டுவாசலில் வேப்பிலை தொங்கினால் எமனே வந்தாலும் ஒதுங்கிப் போவான். யாரும் உள்ளே நுழையமாட்டார்கள், யாரும் திருடமாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியவேண்டாம், தமுக்கடித்து விளக்கவேண்டாம். “மலாய்க்காரன்கூட வேப்பிலையப் பாத்தா சுத்திப் போறான். இதைவிட நல்ல உத்தரவை எந்த டாக்டர் எழுத முடியும், சொல்லுங்க?” என்று குதித்தார். மலையடித் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. பூசாரியிடம் கேட்டுக் கொத்துக்கொத்தாக ஒடித்துக்கொண்டு வந்து, அன்றைக்கே நோய் கண்ட வீடுகளில் கட்டினார். யாருக்கும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் தேவையில்லை என்பதுதானே அதன் அருமை.

கட்டிய மறுநாள் முற்பகல் நானும் அவரோடு மலையடித் தோட்டத்துக்குப் போனேன். லேடாங் மலை மேகத்துக்குள் போயிருந்தது. லயத்தின் கோடி வீட்டில் தனலெட்சுமி என்ற ரப்பர் பால்வெட்டுக்காரிக்கு வாந்திபேதி. புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூட இருந்து பார்ப்பவள் அக்கா புஷ்பவள்ளி. நோய் கண்ட முதல் நாளே வேலு வைத்தியர் வந்து மருந்து கொடுத்திருந்தார். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரும் இளநீருமாக விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பெரிய டாக்டரும் அதையேதான் சொல்வார். நோயில் கொஞ்சம் தேறுதல் என்று பாய்க்குத் தகவல் வந்திருந்தது.

வாசலில் வேப்பிலை வாடாமல் தொங்கியது. வாசல் மெழுகியிருந்தது. பாய் சைக்கிளைச் சாத்திவிட்டுத் திருப்தியாகப் பார்த்தார். புஷ்பவள்ளி வெளியே வந்தாள். நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு, ஈரப் புடவை.

“எப்படிம்மா இருக்கா தங்கச்சி? மருந்து குடிச்சாளா?”

“மருந்தா?” புஷ்பவள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “வேப்பிலை ஏறின வீட்டுல மருந்து குடுப்பாங்களா பாய்? நீங்களே கட்டிட்டு நீங்களே கேக்குறீங்களே!”

பாய்க்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

“நேத்து காலையில வரைக்கும் குடுத்தேன். நீங்க வந்து கட்டினீங்க. அதுவும் கோயில் மரத்து இலை. ஆத்தா வந்துட்டான்னு புரிஞ்சுக்கிட்டேன். அப்பவே எல்லாத்தையும் நிறுத்திட்டேன். அடுப்புல தாளிக்கலை, உப்புப் போடலை. உப்பில்லாம கூழு கரைச்சுக் குடுத்தேன், எறங்கலை. இளநி ரெண்டு மொடக்கு குடிச்சா, அதுவும் வெளிய வந்துருச்சு. காலையிலேருந்து கண்ணு உள்ள போயிருச்சு பாய். கூப்பிட்டா ம்ம்னு மட்டும் சொல்றா.”

“வேலு வைத்தியர் வரலையா?”

“வந்தாரு. வாசல் வரைக்கும் வந்தாரு. இலையப் பாத்தாரு. கன்னத்துல போட்டுக்கிட்டு, ஆத்தா பாத்துப்பான்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு.”

நோயாளியை ஒதுக்கிவைக்கும் என்று பாய் கட்டிய இலை, மருந்தை ஒதுக்கிவைத்திருக்கிறது. உப்பை ஒதுக்கிவைத்திருக்கிறது. வைத்தியரையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. அம்மை கண்ட வீட்டில் மருந்தும் உப்பும் கூடாது என்பது லயத்துச் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பாய்க்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அதை அவரே என்னிடம் மெல்லச் சொன்னார்: “பொறந்ததிலேருந்து வேப்பிலை கட்டின வாசலைப் பாத்திருக்கேன். உள்ள யாரு விட்டா? வெளிய நின்னு பாத்தது மட்டும்தான்.” எனக்கு அவர்மேல் இரக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

வாசல்வழியே தனலெட்சுமியின் கால் தெரிந்தது. தோல் சுருங்கி, பாதம் வெளுத்துக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீர் தங்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு மற்ற வீடுகளுக்கும் லாரி வரும்.

“இலையப் பிச்சு எறிஞ்சிருங்க பாய். ஆபீஸ் உத்தரவுன்னு சொல்லுங்க,” என்றேன் நான்.

“பிச்சு எறிஞ்சா? இந்த அம்மா உப்புத்தண்ணி குடுப்பாளா? ஆத்தாவ அடிச்சு வெரட்டின வீடுன்னு அழுதுக்கிட்டு உக்காந்துருவா. நாளைக்கு அடுத்த வீட்டுல நோய் வந்தா என்கிட்ட சொல்லுவாங்களா?”

அவர் புஷ்பவள்ளியிடம் போனார். நான் எதிர்பார்த்தது மன்னிப்பையோ அதட்டலையோ. அவர் கேட்டது வைத்தியர்களிடம் கேட்பதுபோலவே ஒரு கேள்வி.

“ஏம்மா, நான்தான் தெரியாம கட்டிட்டேன். இதை எறக்கணும்னா என்ன செய்யணும்? உங்க மொறை என்ன?”

“தலைக்குத் தண்ணி ஊத்தி எறக்கணும்.”

“இவ இருக்குற நெலையில தலைக்கு ஊத்த முடியுமா?”

“முடியாது பாய்.” அவள் கண் கலங்கியது. “ஊத்தினா போயிருவா.”

“வேற வழி ஒண்ணும் இல்லையா? ஆத்தா இந்த வீட்டுலேருந்து இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாதா?”

புஷ்பவள்ளி யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். “கூப்பிட்டா போவா. ஆனா யாரு கூப்பிடுவா? புள்ளகுட்டி உள்ளவன் எவனாச்சும் ஆத்தாவ வாம்மான்னு வீட்டுக்குக் கூப்பிடுவானா?”

“நான் கூப்பிடுறேன்.”

“நீங்களா? உங்க வீட்டுல நாலு பொண்ணு இருக்கு பாய்.”

“இருக்கு.”

“உங்க சாமிக்கு ஆகுமா?”

“கும்பிடுறதுன்னா ஆகாது. விருந்தாளியக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு தடையும் இல்லை. வந்து கட்டினவன் நான். திரும்பக் கூட்டிட்டுப் போறதும் நான்தான்.”

அவள் இன்னும் தயங்கினாள். நிபந்தனைகள் வந்தன. அந்த வீட்டில் கவிச்சி கூடாது. “கறியக் கண்ணால பாத்து எத்தனை மாசம் ஆச்சு,” என்றார் பாய். சண்டை சத்தம் கூடாது. “அதுக்கு எம் பொண்டாட்டி ஜெய்னம்புகிட்டதான் அனுமதி வாங்கணும்.” கீழே எங்கேயும் வைக்கக்கூடாது, தாண்டக்கூடாது, செருப்புக்காலோடு தூக்கக்கூடாது. பாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அவள் உள்ளே போய் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். வாய்க்குள் ஏதோ சொல்லி அழுதாள். கொத்தை அவிழ்த்து இரண்டு கையாலும் கொடுத்தாள். பாய் செருப்பை உதறிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வாங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “உப்பு.”

புஷ்பவள்ளி ஓடினாள். கூரை இடுக்கில் ஒளித்துவைத்திருந்த சிரட்டையிலிருந்து உப்பை வழித்துக் கஞ்சித்தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். நான் பாயின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வைத்தியரை அழைத்துவரப் போனேன். குழாய் டயர் என் முதுகெலும்பை என்ன பாடுபடுத்தியது என்பதை இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலு வைத்தியர் விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டார். “நான் ஆத்தான்னுல்ல நெனச்சேன்!” என்று சொல்லிக்கொண்டே மருந்துப் பையை மாட்டிக்கொண்டு என் பின்னால் தொற்றிக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது பாய் முற்றத்தில் அதே இடத்தில் நின்றார். இலை கையிலேயே இருந்தது. கீழே வைக்கக்கூடாது என்று சொன்னதால் வைக்கவில்லை. உள்ளே போகவும் முடியாது, ஆத்தாவைத் திரும்ப உள்ளே கொண்டுபோனதாகிவிடும். மழைத்தூறலில் தொப்பி நனைந்து சாயம் நெற்றியில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. வைத்தியர் அவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தார். கரண்டி கரண்டியாக ஊற்றுகிற சத்தமும், “முழுங்கு கண்ணு, முழுங்கு,” என்ற புஷ்பவள்ளியின் குரலும் கேட்டுக்கொண்டேயிருந்தன. ஒரு தடவை எல்லாம் வெளியே வந்தது. மறுபடி ஊற்றினார்கள். வாங்கிக்கொள்கிறேன் என்று நான் மூன்று தடவை கேட்டும் பாய் கொத்தை என்னிடம் கொடுக்கவில்லை. “கூப்பிட்டது நான்,” என்றார்.

வெயில் சாயத் தொடங்கியபோது உள்ளேயிருந்து, கேட்கிறதா கேட்கவில்லையா என்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

“அக்கா… இன்னும் கொஞ்சம் குடு.”

வைத்தியர் வெளியே வந்து, “தங்குது பாய். நாடி வருது,” என்றார். பாயின் உதடு மட்டும் அசைந்தது. அல்லாவுக்கு என்ன சொன்னாரோ, கையிலிருந்தவளுக்கு என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. பிறகு வைத்தியரிடம், “மத்த வீடுகளுக்கும் இப்பவே போங்க. எங்கெங்க கட்டியிருக்கேனோ அங்கெல்லாம் போயி, இது ஆத்தா இல்லை, சானிட்டரி பாயோட முட்டாள்தனம்னு சொல்லுங்க. நம்பலைன்னா ஆள் அனுப்புங்க, ஒவ்வொண்ணா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்,” என்றார். பெரிய டாக்டரிடமும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லப்போவதாகச் சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

செருப்பை லயத்து முற்றத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். செம்மண் சாலை தார்ச்சாலையில் ஏறுகிற முனையில் ஜப்பானியக் காவல் சாவடி. துப்பாக்கியில் கத்தி செருகிக்கொண்டு ஒரு சிப்பாய் நிற்பான். போகிற வருகிற யாரானாலும் அவன் முன்னால் நின்று இடுப்பு வளையக் குனியவேண்டும். குனிந்தது போதாவிட்டால் அறை விழும். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்தேன். குனிந்தபடியே ஓரக்கண்ணால் பாயைப் பார்த்தேன்.

பாய் சிப்பாயின் முன்னால் நின்றார். வேப்பிலைக் கொத்தை இரண்டு கையாலும் தன் தலைக்குமேல் உயரத் தூக்கிக்கொண்டார். அது கொஞ்சமும் தாழாமல் பார்த்துக்கொண்டு, தான் மட்டும் இடுப்பு வளையக் குனிந்தார்.